எதிர்பாராமல் வரும் நிறுவன மின்னஞ்சல்: மெய்யும் தூண்டிலும்

ஒரு நிறுவனத்தின் பெயரில் எதிர்பாராமல் வரும் மின்னஞ்சல் உண்மையானதா, மோசடியா என்று தீர்மானிப்பது கடினமாக இருப்பதற்கான காரணம் மின்னஞ்சலின் பிறப்பிலேயே இருக்கிறது. இன்றும் அஞ்சல்களைக் கொண்டுசேர்க்கும் எஸ்எம்டிபி என்ற நெறிமுறையை ஜோனதன் போஸ்டல் 1982 ஆகஸ்டில் வெளியிட்டார். பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் புழங்கிய ஒரு சிறிய வலையமைப்புக்காக எழுதப்பட்டது அது. அஞ்சலைக் கொண்டுவருபவரிடம் ‘நீங்கள் யார்?’ என்று அது கேட்கும். வரும் பதிலைச் சரிபார்க்காது.

பள்ளியில் கடிதம் எழுதப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தாளில் ‘அனுப்புநர்’ என்று எழுதி அதன்கீழ் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். உறையின் மேல் வேறொரு முகவரியை எழுதலாம். தபால்காரர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. மின்னஞ்சலுக்கும் உறை உண்டு, உள்ளே தாள் உண்டு. படிப்பவர் கண்ணில் படுவது தாளில் எழுதிய பெயர்தான். கைபேசியில் அதிலும் பாதிதான் தெரியும்: ‘வருமான வரித் துறை’ என்ற பெயர் தடித்த எழுத்தில் நிற்கும்; முகவரியைப் பார்க்க அந்தப் பெயரை ஒருமுறை தட்ட வேண்டும். பெரும்பாலோர் தட்டுவதில்லை.

இந்த இடைவெளியில் வளர்ந்ததுதான் ஃபிஷிங் எனப்படும் தூண்டில் மோசடி. 1990களின் நடுவில், அமெரிக்கா ஆன்லைன் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களிடம் அதன் ஊழியர்களைப் போல நடித்துப் பாஸ்வேர்டு கேட்டு வாங்கிய கூட்டத்தாரிடமிருந்து அந்தச் சொல் பிறந்தது. அன்றிலிருந்து இன்றுவரை தற்காப்புக்காகச் சொல்லப்படும் அறிவுரைகள் அநேகமாக ஒரே வகையானவை: அஞ்சலை உற்றுப் பாருங்கள், பிழை தேடுங்கள், முகவரியைக் கவனியுங்கள். இவை பயனுள்ளவை, ஆனால் போதுமானவை அல்ல. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஓர் அஞ்சலை மட்டும் வைத்துக்கொண்டு அதன் மெய்மையை முடிவுகட்ட முடியாது. அதற்கு அஞ்சலுக்கு வெளியே போயாக வேண்டும்.

முதலில் முகவரி. ஒரு டொமைன் பெயரை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ‘இன்கம்டாக்ஸ்.கவ்.இன்.வரி-ரீஃபண்ட்.காம்’ என்று ஒரு முகவரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் தொடங்கிப் படிக்கும் கண், ‘இன்கம்டாக்ஸ்.கவ்.இன்’ என்ற பழகிய பெயரைக் கண்டதும் நிம்மதியடைந்து நின்றுவிடும். ஆனால் உரிமையாளர் யார் என்பதைச் சொல்வது வலக்கோடி: ‘.காம்’, அதற்கு முன் நிற்கும் ‘வரி-ரீஃபண்ட்’. இந்த இரண்டும் சேர்ந்த பெயரை யார் பணம் கட்டிப் பதிவு செய்தாரோ அவர் இடப்பக்கம் எதை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். மனை ஒருவருடையது என்றால் வாசலில் எந்தப் பெயர்ப்பலகையைத் தொங்கவிடுவது என்பதும் அவர் விருப்பம்தானே. அதேபோல லிங்க்கில் டொமைனுக்கு அடுத்து வரும் சாய்கோட்டுக்குப் பின்னால் எந்த நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் அதற்கு மதிப்பில்லை.

வலக்கோடியில் சில பெயர்களுக்கு மட்டும் காவல் உண்டு. ‘.கவ்.இன்’ அரசு அமைப்புகளுக்கே கிடைக்கும். ‘.பேங்க்.இன்’ வங்கிகளுக்கே உரியது. இந்திய வங்கிகள் தங்கள் இணையதளங்களை 2025 அக்டோபர் 31க்குள் இந்தப் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் ஆணையிட்டது. பதிவு செய்து தரும் பொறுப்பு ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி என்ற நிறுவனத்திடம் இருக்கிறது. ‘.காம்’, ‘.நெட்’ போன்றவற்றுக்கு இந்தக் காவல் கிடையாது.

அடுத்து எழுத்து மயக்கம். ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் ‘ஆர்’, ‘என்’ இரண்டும் ஒட்டி நின்றால் ‘எம்’ போலத் தெரியும். பெரிய ஐக்கும் சிறிய எல்லுக்கும் பல எழுத்துருக்களில் வேறுபாடே இல்லை. ஓலைச்சுவடியில் ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வடிவம் ஒன்றாக இருந்ததால் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு தமிழுலகம் அறிந்தது. இடம் பார்த்து, பொருள் பார்த்து அவர்கள் படித்தார்கள். இணைய முகவரியில் அப்படிப் பொருள் பார்த்துப் படிப்பதே ஆபத்து, ஏனென்றால் எதிர்பார்த்த பெயரைத்தான் மனம் படித்துக்கொள்ளும். ஆங்கில எழுத்தை அச்சாக ஒத்த ரஷ்ய எழுத்துகளைக் கொண்டு, குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ‘ஆப்பிள்.காம்’ என்றே தோன்றும் வேறொரு டொமைனைப் பதிவு செய்ய முடியும் என்று 2017 ஏப்ரலில் ஓர் ஆய்வாளர் செய்தே காட்டினார். கண்ணை நம்பிப் பயனில்லாத இடம் அது.

போலி அஞ்சல் அசல் போல இருப்பது பாதிப் பிரச்சினை. அசல் அஞ்சல் போலி போல இருப்பது மறுபாதி. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஃபேஸ்புக் தன் பாதுகாப்பு அறிவிப்புகளை ‘ஃபேஸ்புக்மெயில்.காம்’ என்ற முகவரியிலிருந்து அனுப்புகிறது. போலிக்கு இலக்கணம் சொல்வது போன்ற பெயர், ஆனால் அசல். மைக்ரோசாஃப்ட் கணக்கின் எச்சரிக்கைகள் ‘அக்கவுண்ட்புரொடெக்‌ஷன்.மைக்ரோசாஃப்ட்.காம்’ என்ற நீண்ட முகவரியிலிருந்து வருகின்றன. வலமிருந்து படித்தால் இது மைக்ரோசாஃப்டின் சொந்த இடம் என்பது தெரியும். படிக்கத் தெரியாதவர் பயந்து அழித்துவிடுவார்.

இதன் உச்சம் 2017 செப்டம்பரில் நடந்தது. அமெரிக்காவின் கடன்வரலாற்று நிறுவனமான ஈக்விஃபேக்ஸிலிருந்து ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயிருந்தது அப்போது வெளியே தெரிந்தது. பாதிக்கப்பட்டவர்கள் விசாரிப்பதற்கு, தன் சொந்தத் தளத்திலேயே ஒரு பக்கம் திறக்காமல், ‘ஈக்விஃபேக்ஸ்செக்யூரிட்டி2017.காம்’ என்று புதிதாக ஒரு டொமைனை நிறுவனம் பதிவு செய்தது. இது எவ்வளவு எளிதில் ஏமாற்றக்கூடியது என்று காட்ட ஒரு மென்பொருள் வல்லுநர் சொற்களை முன்பின்னாக மாற்றி ‘செக்யூரிட்டிஈக்விஃபேக்ஸ்2017.காம்’ என்று ஒரு போலித் தளத்தை அமைத்தார். ஈக்விஃபேக்ஸின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கு, உதவி கேட்டு வந்தவர்களை அந்தப் போலித் தளத்துக்கே பலமுறை அனுப்பிவைத்தது. சொந்த ஊழியருக்கே வேறுபாடு தெரியாத ஒன்றை வாடிக்கையாளர் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. லிங்க்கைத் தட்டாதீர்கள் என்று எச்சரிக்கும் நிறுவனங்களே, அடுத்த வாரம் ‘கேஒய்சி புதுப்பிக்க இங்கே தட்டவும்’ என்று அஞ்சல் அனுப்புகின்றன. ஏமாந்தவர் மீது மட்டும் பழியைச் சுமத்துவது தவறு. இந்தக் கெட்ட பழக்கத்தை மக்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் நிறுவனங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

எஸ்எம்டிபியின் ஓட்டையை அடைக்கப் பின்னாளில் மூன்று ஏற்பாடுகள் வந்தன. ஒரு டொமைன் சார்பாக அஞ்சல் அனுப்ப எந்தக் கணினிகளுக்கு அனுமதி உண்டு என்ற பட்டியல் எஸ்பிஎஃப். அஞ்சலில் இடப்படும் டிஜிட்டல் முத்திரை டிகிம். வாசகர் காணும் முகவரி இவ்விரண்டில் ஒன்றோடாவது பொருந்துகிறதா, பொருந்தாவிட்டால் அஞ்சலை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். மொத்தமாக அஞ்சல் அனுப்பும் எவரும் (கூகுளின் கணக்கில் நாளொன்றுக்கு 5,000 அல்லது அதற்கு மேல்) இம்மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுளும் யாகூவும் 2024 பிப்ரவரியில் கட்டாயமாக்கின. ஜிமெயிலைக் கணினியில் திறந்து, அஞ்சலின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி, ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தால் மூன்றின் முடிவுகளும் வரிசையாகத் தெரியும். பெரிய நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய அஞ்சலில் டிமார்க் ‘ஃபெயில்’ என்று இருந்தால் அதைப் போலி என்றே கொள்வது நல்லது.

‘பாஸ்’ என்று இருந்தால்? எந்த டொமைனின் சார்பாக வந்தது என்பதற்குத்தான் அது சான்று. அனுப்பியவரின் எண்ணத்துக்கு அல்ல. மோசடிக்காரர் தன் சொந்த டொமைனுக்கு மூன்றையும் ஒழுங்காக அமைத்துக்கொண்டால் அவருக்கும் ‘பாஸ்’ கிடைக்கும். உண்மையான டொமைனிலிருந்தே பொய் வரவும் கூடும். 2021 நவம்பர் 13 அன்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் சொந்தக் கணினியிலிருந்து, அதன் சொந்த முகவரியில், இணையத் தாக்குதல் எச்சரிக்கை ஒன்று பல்லாயிரக்கணக்கானோருக்குப் போனது. எச்சரிக்கை முழுப்பொய். ஒரு வலைவாசலின் குறைபாட்டைப் பயன்படுத்தி யாரோ அனுப்பியிருந்தார். பேபால் நிறுவனத்தின் பெயரில் நடக்கும் மோசடி இன்னும் எளியது: மோசடிக்காரர் அதில் கணக்கு தொடங்கி, அந்தச் சேவையின் வழியாகவே ஒரு பில் அனுப்புவார். அஞ்சலை அனுப்புவது உண்மையான பேபால். பில்லின் குறிப்பில் ‘இது நீங்கள் வாங்கியதில்லை என்றால் இந்த எண்ணை அழையுங்கள்’ என்று இருக்கும் தொலைபேசி எண் மட்டும் மோசடிக்காரருடையது. 2022 ஏப்ரலில் மெயில்சிம்ப் என்ற அஞ்சல் சேவைக்குள் புகுந்தவர்கள், டிரெசர் என்ற கிரிப்டோ கருவியின் வாடிக்கையாளர்களுக்கு அதன் அஞ்சல் பட்டியலைக் கொண்டே போலி அறிவிப்பு அனுப்பினார்கள். சரிபார்க்கப்பட்ட நிறுவனங்களின் அஞ்சலுக்கு ஜிமெயில் 2023 மே மாதத்தில் நீல நிற டிக் கொண்டுவந்தது. அடுத்த மாதமே யுபிஎஸ் கூரியரின் பெயரில் வந்த ஒரு மோசடி அஞ்சலில் அந்த டிக் இருந்தது.

மொழிப்பிழையை அடையாளமாகக் கொண்ட காலம் ஒன்று இருந்தது. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியைக் கொள்ளையிட்டவர்கள் இலங்கைக்குத் திருப்பிய 2 கோடி டாலர், பெறும் அமைப்பின் பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்பதை ‘ஃபாண்டேஷன்’ என்று எழுதியதால் சந்தேகத்துக்கு உள்ளாகி நின்றது. செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் பரவிய பின் அந்தப் பிழைகள் மறைந்துவிட்டன. இன்று ஒரு போலி அஞ்சலின் நடை, அசல் நிறுவனத்தின் நடையைவிடத் திருத்தமாக இருக்கக்கூடும். அஞ்சலில் தன் பெயர், பிறந்த தேதி, பழைய பாஸ்வேர்டு எல்லாம் சரியாக இருக்கின்றன என்பதும் சான்றல்ல. முன்பு எங்கோ கசிந்த தரவுகளில் அவை எல்லாம் கிடைக்கும்.

ஆகவே அஞ்சல் எப்படி இருக்கிறது என்பதைவிட, அது என்ன கேட்கிறது என்பதே நல்ல உரைகல். செய்தி சொல்லி நிற்கும் அஞ்சலால் பெரிய தீங்கு இல்லை. பாஸ்வேர்டு, ஓடிபி, கார்டு எண் கேட்பது, ஏதேனும் ஒரு கோப்பைத் திறக்கச் சொல்வது, பணம் போகவேண்டிய கணக்கை மாற்றச் சொல்வது, ஒரு எண்ணை அழைக்கச் சொல்வது: இவற்றில் ஒன்று இருந்தால் நின்று யோசிக்க வேண்டும். அதோடு ‘24 மணி நேரத்துக்குள்’, ‘கணக்கு முடக்கப்படும்’, ‘யாரிடமும் சொல்ல வேண்டாம்’ என்ற அவசரமும் சேர்ந்தால் சந்தேகம் இரட்டிப்பாக வேண்டும். அலுவலகங்களில் பெரும் இழப்பு பில் வடிவில்தான் வருகிறது. லித்துவேனியாவைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமாசௌஸ்காஸ், தைவானின் குவாண்டா கம்ப்யூட்டர் நிறுவனத்தின் பெயரிலேயே லாத்வியாவில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து, 2013 முதல் 2015 வரை ஃபேஸ்புக்குக்கும் கூகுளுக்கும் போலி பில்களை அனுப்பினார். இரண்டிடமும் சேர்த்து 12 கோடி டாலருக்கும் மேல் வாங்கிவிட்டார். 2019 டிசம்பரில் அவருக்கு 5 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. தொழில்நுட்பத்தில் முதலிடத்தில் இருந்த இரண்டு நிறுவனங்களை வீழ்த்தியது வைரஸ் அல்ல, வழக்கமான பில் போலத் தோன்றிய ஒரு தாள். 2023ல் மட்டும் இத்தகைய வணிக அஞ்சல் மோசடிகளால் 290 கோடி டாலர் இழப்பு என்று எஃப்பிஐக்கு வந்த புகார்கள் காட்டின.

லிங்க்கைத் தட்டியபின் வரும் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருந்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. பூட்டு சொன்னதெல்லாம் வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டுமே. எதிர்முனையில் இருப்பது திருடனாக இருந்தாலும் பூட்டு இருக்கும். சான்றிதழ்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இந்தத் தவறான நம்பிக்கையை ஒழிக்கவே 2023 செப்டம்பரில் குரோம் அந்தச் சின்னத்தை எடுத்துவிட்டது. ஓடிபி இருப்பதால் பயமில்லை என்பதும் அரைகுறை உண்மை. போலிப் பக்கம் இடைத்தரகராக நின்று, பாஸ்வேர்டையும் ஓடிபியையும் வாங்கி அந்த நொடியே அசல் தளத்தில் போட்டு உள்ளே போய்விடும்.

மனிதக் கண்ணைவிட நம்பகமான சோதனையாளர் ஒன்று உண்டு: பாஸ்வேர்டு மேனேஜர். அது பக்கத்தின் அழகைப் பார்ப்பதில்லை. டொமைனை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. வழக்கமாகத் தானே நிரப்பிவிடும் பெட்டி அன்று வெறுமையாக இருந்தால், கையால் நிரப்பாமல் அங்கேயே நின்றுவிட வேண்டும். பாஸ்வேர்டுக்குப் பதிலாக வரும் பாஸ்கீயும், கணினியில் செருகும் பாதுகாப்புச் சாவியும் இதே முறையில் டொமைனோடு பிணைக்கப்பட்டவை. 2017 தொடக்கத்தில் ஊழியர்கள் அனைவருக்கும் சாவியைக் கட்டாயமாக்கிய பின், 85,000க்கும் மேற்பட்ட தன் ஊழியர்களில் ஒருவரின் பணிக்கணக்கும் தூண்டிலில் சிக்கவில்லை என்று கூகுள் 2018ல் தெரிவித்தது.

வருமான வரித் துறையின் அஞ்சல் இந்தச் சிக்கல்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும். ரிட்டர்ன் தாக்கல் செய்த சில வாரங்களில், பிரிவு 143(1)ன் கீழ் ஓர் அறிவிப்பு பூட்டிய பிடிஎஃப் கோப்பாக வருகிறது. சிற்றெழுத்தில் பான் எண்ணையும் பிறந்த தேதியையும் சேர்த்துப் போட்டால் திறக்கும். வைரஸ் சோதனைக்கு அகப்படாமல் இருக்க மோசடிக்காரர்களும் கோப்பைப் பூட்டித்தான் அனுப்புகிறார்கள். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. ஆனால் அசலுக்கு ஒரு வசதி இருக்கிறது: அஞ்சலைத் தொடவே வேண்டாம். துறையின் தளத்தை முகவரி தட்டச்சு செய்து திறந்து உள்ளே போனால் அதே அறிவிப்பு அங்கே இருக்கும். 2019 அக்டோபர் 1 முதல் துறையின் ஆணைகளும் நோட்டீசுகளும் டின் என்ற ஆவண அடையாள எண்ணைத் தாங்கி வருகின்றன. அந்த எண்ணைத் தளத்தில் கொடுத்தால் ஆவணம் துறை அனுப்பியதுதானா என்று தெரிந்துவிடும். ரீஃபண்ட் பணமோ ஏற்கெனவே சரிபார்க்கப்பட்ட வங்கிக் கணக்குக்குத்தான் போகும். அதற்காகக் கார்டு எண்ணும் பின் எண்ணும் கேட்கும் அஞ்சல் துறையிடமிருந்து வராது.

இதுவே எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தும் வழி. ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் தாங்கள் அண்மையில் அனுப்பிய அஞ்சல்களின் பட்டியலைக் கணக்கின் செட்டிங்ஸுக்குள் வைத்திருக்கின்றன. வந்த அஞ்சல் அங்கே இல்லையென்றால் போலி. வங்கியை அழைக்க வேண்டுமானால் கார்டின் பின்புறம் அச்சிட்ட எண் இருக்கிறது. கூகுளில் ‘கஸ்டமர் கேர்’ என்று தேடி எடுக்கும் எண்ணை நம்பக் கூடாது. அங்கேயும் போலி எண்களை விதைத்து வைத்திருக்கிறார்கள். சப்ளையர் புதிய வங்கிக் கணக்கு எண் அனுப்பினால், பழைய பில்லில் இருந்த தொலைபேசி எண்ணுக்குப் பேசி உறுதிசெய்த பிறகே பணம் போக வேண்டும்.

அஞ்சலுக்கு வெளியே உள்ள வழி எவ்வளவு முக்கியம் என்பதை இரண்டு நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. 2016 மார்ச் 19 அன்று ஹிலாரி கிளிண்டனின் தேர்தல் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு, யாரோ உக்ரைனிலிருந்து அவருடைய பாஸ்வேர்டைப் பயன்படுத்த முயன்றதாகக் கூகுள் பெயரில் ஓர் அஞ்சல் வந்தது. அவருடைய அலுவலகம் அதைக் கணினி உதவியாளரிடம் காட்டியது. ‘இது உண்மையான அஞ்சல், உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள்’ என்று அவர் பதில் எழுதினார். ‘உண்மையல்லாத’ என்று எழுத நினைத்தது தவறிவிட்டதாகப் பின்னர் சொன்னார். அந்தப் பதிலிலேயே கூகுளின் சரியான முகவரியையும் அவர் கொடுத்திருந்தார். அதன் வழியாகப் போயிருந்தால், அவர் எழுதிய தவறான சொல்லால் எந்தக் கேடும் விளைந்திருக்காது. தட்டப்பட்டதோ அஞ்சலில் இருந்த பொத்தான். பொடெஸ்டாவின் அஞ்சல் பெட்டியிலிருந்த கடிதங்கள் அக்டோபரில் விக்கிலீக்ஸில் வெளியாயின.

இரண்டாவது, அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் அலுவலகத்தில் 2024 தொடக்கத்தில் நடந்தது. ரகசியமாகப் பணம் அனுப்பச் சொல்லி, தலைமை நிதி அதிகாரியின் பெயரில் வந்த அஞ்சலை ஓர் ஊழியர் சரியாகவே சந்தேகித்தார். பிறகு வந்த வீடியோ கூட்டத்தில் அதிகாரியின் முகத்தையும் சக ஊழியர்களின் முகங்களையும் கண்டதும் சந்தேகம் தீர்ந்தது. அத்தனை முகங்களும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டவை. 15 தவணைகளில் 20 கோடி ஹாங்காங் டாலர் போனது. சந்தேகம் சரி, ஆனால் அதைத் தீர்த்துக்கொண்ட இடம், மோசடிக்காரர் போட்டுக்கொடுத்த பாதை. நிறுவனத்தின் தொலைபேசிப் பட்டியலில் உள்ள எண்ணுக்கு ஒருமுறை அழைத்திருந்தால் எல்லாம் வெளிப்பட்டிருக்கும்.

தட்டிவிட்ட பிறகு தெரியவந்தால் வெட்கப்பட்டு மறைப்பதுதான் பெரிய கேடு. அசல் தளத்தில் பாஸ்வேர்டை மாற்றி, மற்ற கருவிகளில் திறந்திருக்கும் கணக்குகளை வெளியேற்ற வேண்டும். அலுவலகக் கணக்கு என்றால் கணினிப் பிரிவுக்கு அந்த நிமிடமே சொல்ல வேண்டும். பணம் போயிருந்தால் இந்தியாவில் வங்கியையும் 1930 என்ற எண்ணையும் அழைத்து, சைபர்கிரைம்.கவ்.இன் தளத்தில் புகாரைப் பதிய வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளரே விவரங்களைக் கொடுத்து ஏமாந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேரும் இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியுடையது.